குறிக்கோளில் உறுதியாக இருக்கிறாரா? பிறரை மதிப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில், அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்காகச் சிலர் சேர்ந்து நடத்திவரும் மாலைநேரப் படிப்பகத்தில் நானும் பொறுப்பில் இருக்கிறேன். நாற்காலிகள் முப்பது, இடம் கேட்டு வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே யாருக்கு இடம், யாருக்குப் புத்தகம், யாருக்குத் தேர்வுக் கட்டணம் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எப்படிச் சுற்றினாலும் அந்த முடிவு ‘இவர் கடைசிவரை நிற்பாரா’ என்ற கேள்வியில்தான் வந்து முட்டுகிறது. பெற்றோரும், கட்டணத்தை ஏற்கும் நண்பர்களும், புதிதாகச் சேரும் தன்னார்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில விடைகளை உளவியல் ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொண்டேன். மற்றவற்றை நாங்கள் செய்த பிழைகள் கற்றுக்கொடுத்தன.

ஆசைப்படுவதும் உறுதியாக இருப்பதும் ஒன்றுதானே? ஏன் இரண்டையும் பிரித்துப் பேசுகிறீர்கள்?

ஆசைக்குப் போட்டி கிடையாது. ஒருவர் ஒரே நேரத்தில் பத்து ஆசைகளை வைத்துக்கொள்ளலாம். உறுதி என்பது, அந்தப் பத்தில் ஒன்றுக்காக மற்ற ஒன்பதும் காத்திருக்க வேண்டிய நேரத்தில் மட்டும் தெரிய வருவது. குறிக்கோள்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய இருவரும், கடினமான, தெளிவான இலக்கு ஒருவருடைய செயல்திறனைக் கூட்டுவதற்கு அவர் அந்த இலக்கை மனத்தால் ஏற்றிருக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்தார்கள்.

எங்கள் தேர்வுலகத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூன் 9 அன்று நடத்திய குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தனர். அவர்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு அறைக்கே வரவில்லை. வராத எல்லோரையும் உறுதியற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். ஆனால் விண்ணப்பித்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

பொதுவாக மக்கள் பிறருடைய உறுதியை எதை வைத்து எடைபோடுகிறார்கள்?

கண்ணுக்குப் படுவதை வைத்துத்தான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு இளைத்துவிட்டார், எத்தனை நோட்டுகளை நிரப்பியிருக்கிறார், பேசும்போது கண்ணில் ஒளி இருக்கிறதா என்பவையே நம்முடைய அளவுகோல்கள். படுகிற பாட்டைத் தரத்தோடு குழப்பிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை ஜஸ்டின் குரூகரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒரே கவிதையைச் சிலரிடம் கொடுத்து, இதை எழுத 4 மணி நேரம் ஆயிற்று என்றார்கள். வேறு சிலரிடம் 18 மணி நேரம் ஆயிற்று என்றார்கள். 18 மணி நேரம் என்று கேள்விப்பட்டவர்களுக்கே கவிதை மேலானதாகத் தோன்றியது. கவிதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

எங்களுக்கும் இது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தினமும் முதல் ஆளாக வந்து, கடைசியாகப் பூட்டும்போது நாற்காலியை ஒழுங்குபடுத்திவிட்டுப் போவார். விடுமுறை நாளிலும் வருவார். புதிதாகச் சேருபவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவோம். நானே மூன்று முறையாவது, ‘அவரைப் பாருங்கள்’ என்று சொல்லியிருக்கிறேன். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எல்லோருடைய ஹால் டிக்கெட்டையும் சரிபார்த்தோம். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு காரணம் கேட்டேன். வீட்டில் ஒரே அறை, அதில் ஆறு பேர், படிப்பகத்தில் மின்விசிறி இருக்கிறது, யாரும் கத்துவதில்லை என்றார். அவர் எங்களை ஏமாற்றவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. தேர்வெழுதப் போகிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பார்த்து அந்தக் கதையை எழுதியவர்கள் நாங்கள்தான்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது, அதனால் உறுதி கூடும் என்கிறார்களே?

வடசென்னையில் காதுகுத்துக்கும் பிளெக்ஸ் உண்டு, கபடிப் போட்டிக்கும் பிளெக்ஸ் உண்டு. ஆகவே ‘வருங்கால’ என்ற அடைமொழியோடு ஒரு பையனுடைய படம் தெருமுனையில் நிற்பது எங்களுக்குப் புதிதன்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘இன்றிலிருந்து’ என்று தொடங்கும் அறிவிப்புகளும் அப்படியே. இவற்றை உறுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே தன்னார்வலர்களிடம் சொல்கிறேன்.

பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் சட்ட மாணவர்களும் பங்கேற்றனர். நல்ல வழக்கறிஞராக வேண்டும் என்ற நோக்கத்தை எழுதிக்கொடுத்தவர்களில், அதை மற்றொருவர் படித்து ஏற்றுக்கொண்டார் என்று அறிந்தவர்கள், அடுத்துக் கொடுக்கப்பட்ட சட்ட வேலையில் குறைந்த நேரமே செலவிட்டனர். பிறர் நம்மை அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டாலே பாதி வழக்கறிஞராகிவிட்ட நிறைவு வந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ‘நான் யார்’ என்பதோடு ஒட்டிய குறிக்கோள்களுக்கே இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாராவாரம் சனிக்கிழமை வந்து ‘எத்தனை பாடம் முடித்தாய்’ என்று கேட்கும் ஒரே ஓர் ஆளிடம் வாக்குக் கொடுப்பது வேறு கதை. அங்கே கைதட்டல் கிடைப்பதில்லை, கணக்குத்தான் கேட்கப்படுகிறது.

ஒழுங்காக வராதவரை அக்கறையற்றவர் என்று கருதுவதில் என்ன தவறு? வருகைதானே மிக எளிய சான்று?

எளிய சான்று என்பதாலேயே அது ஆபத்தானது.

எங்களிடம் ஒரு பெண் சேர்ந்தார். வாரத்தில் இரண்டு நாள் வருவார். வந்தாலும் ஒரு மணி நேரத்தில் கொட்டாவி விடத் தொடங்குவார். ‘ஆர்வம் குறைவு’ என்று பதிவேட்டில் எழுதியவன் நான். அவருடைய நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஏப்ரல் தொடக்கத்தில் பேசி முடிவும் செய்துவிட்டோம். அதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 15-க்குப் பிறகு அவர் தினமும் வரத் தொடங்கினார். இரவு எட்டரை மணிவரை அசையாமல் படித்தார். ஜூன் நடுவில் மறுபடியும் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது.

காசிமேட்டில் வாழ்பவர்களுக்கு இந்தத் தேதிகளை விளக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தப் பெண், தாயாருடன் விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்துக் கூடை கட்டி அனுப்பிவிட்டு, பகலில் வீட்டு வேலையையும் முடித்துவிட்டு மாலையில் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். படகு கரையில் நின்ற இரண்டு மாதத்தில் அவருடைய ‘ஆர்வம்’ திடீரென்று வளர்ந்துவிடவில்லை. ஆர்வம் முன்பிருந்த அளவுதான். தூக்கம் கிடைத்தது, அவ்வளவே.

சூழ்நிலையின் பங்கைக் குறைத்து, குணத்தின் பங்கைக் கூட்டிப் பார்க்கும் இந்தப் போக்கை 1977-ல் லீ ராஸ் ‘அடிப்படைப் பிழை’ என்றே பெயரிட்டு எழுதினார். அதற்குப் பத்தாண்டுக்கு முன் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதப்பட்ட கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்து, எழுதியவருக்கு எந்தப் பக்கம் எழுதுவது என்ற உரிமையே இருக்கவில்லை என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தும், கட்டுரையில் இருப்பது எழுதியவரின் சொந்தக் கருத்துத்தான் என்று நம்பும் பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். கட்டாயம் என்று தெரிந்தபோதே இப்படியென்றால், கட்டாயம் இருப்பதே தெரியாதபோது நம் தீர்ப்பு எப்படி இருக்கும்?

மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்களுக்கு வாரந்தோறும் ஷிப்ட் மாறும். தண்ணீர் லாரி வரும் நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. குடத்தோடு நிற்பது யார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம், பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும், அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கசிவும் சேர்ந்தபோது, எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் பல வாரம் வரவில்லை. அந்த மாதத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒருவருடைய மனவுறுதியைக் கணிக்க முயல்வது, மழைமானியைப் பார்த்துக் காய்ச்சலைக் கணிப்பதைப் போன்றது.

‘நான் முயற்சி செய்கிறேன்’ என்கிறான் மகன்; ‘எங்கே செய்கிறாய்’ என்கிறார் அப்பா. இருவரில் யார் சொல்வது சரி?

இருவரும் வேறுவேறு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகனுக்குத் தன் மனம் தெரியும்: நேற்றிரவு படுக்கும்போது எடுத்த முடிவு, இன்று காலை பட்ட வருத்தம், நாளை செய்யப்போவது எல்லாம் அவனுடைய கணக்கில் வரவாக இருக்கின்றன. அப்பாவுக்குத் தெரிவது மூடியிருக்கும் புத்தகம். குரூகரும் தாமஸ் கிலோவிச்சும் 2004-ல் எழுதிய மற்றோர் ஆய்வின் சாரமும் இதுதான். நம்மை எடைபோடும்போது நோக்கத்தையும் தட்டில் வைக்கிறோம். பிறரை எடைபோடும்போது செயலை மட்டும் வைக்கிறோம்.

எனினும் அப்பாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ரோஜர் பியூலரும் அவருடைய குழுவினரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டபோது அவர்கள் சராசரியாக 33.9 நாள் என்றார்கள்; உண்மையில் 55.5 நாள் ஆயிற்று. அதே கட்டுரையில் உள்ள வேறொரு சோதனையில், பிறருடைய வேலையைக் கணித்த பார்வையாளர்கள் அவ்வளவு நம்பிக்கையோடு நாள் குறிக்கவில்லை, ஏனெனில் அந்த ஆள் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே எப்போது முடியும் என்ற கேள்விக்கு அப்பாவையும், ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு மகனையும் நம்பலாம் என்பது என் அனுபவம். வீடுகளில் இது தலைகீழாகவே நடக்கிறது: காரணத்தை அப்பா சொல்கிறார் (‘சோம்பேறித்தனம்’), தேதியை மகன் சொல்கிறான் (‘அடுத்த வருஷம் கண்டிப்பா’).

அப்படியென்றால் நம்பத்தக்க அடையாளம் என்று எதுவும் இல்லையா?

இருக்கிறது. அதை எனக்கு விளங்கவைத்தவர், கொருக்குப்பேட்டையில் பல ஆண்டுகளாக ஏலச்சீட்டுப் பிடிக்கும் ஓர் அம்மா. இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு ஐயாயிரம் என்று ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஒருவர் தள்ளிக் கேட்டு, அதாவது ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மீதிப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். எடுக்காதவர்கள் தவணை தவறாமல் கட்டுவதில் வியப்பில்லை, அவர்களுடைய பணம் உள்ளே இருக்கிறது. இரண்டாம் மாதமே எடுத்துவிட்ட ஒருவர் அடுத்த பதினெட்டு மாதமும் கட்டுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எடுக்காதவ கட்றது பெருசில்ல சார், எடுத்தவ கட்றதுதான் பெருசு’ என்றார் அந்த அம்மா. புதியவரைச் சேர்ப்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பேச்சைக் கேட்பதில்லை. முந்தைய சீட்டில் எடுத்த பிறகு எப்படிக் கட்டினார் என்று மட்டும் விசாரிக்கிறார்.

படிப்பகத்துக்கு இதை அப்படியே பொருத்தலாம். சேர்ந்த முதல் மாதத்தில் பாராட்டு, புதிய புத்தகம், வீட்டில் கிடைக்கும் மரியாதை எல்லாம் வந்துவிடுகின்றன. அதுதான் சீட்டு எடுப்பது. நான்காம் மாதத்தில், யாரும் பாராட்டாதபோது, மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறாமல் நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன். குறிப்பாக, விட்டுப்போன பிறகு திரும்பி வந்த விதத்தைப் பார்க்கிறேன். இரண்டு வாரம் வராமல் இருந்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குபவர், ஒருநாளும் தவறாமல் வந்துகொண்டிருந்து ஒருமுறை தடைபட்டதும் காணாமல் போகிறவரைவிட உறுதியானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொன்று, புகழ் சேர்க்காத வேலைகளைச் செய்துமுடிப்பது. சாதிச் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்த இ-சேவை மையத்துக்கு மூன்று முறை அலைவது, தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஐந்தாண்டுகள் செல்லும் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டி முடிப்பது, குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை அறிந்து இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவது ஆகியவற்றை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

பொருளியலில் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய கருத்து இதற்கு நெருக்கமானது. அதற்காகவே அவருக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஓர் அடையாளத்தைக் காட்ட, அந்தப் பண்பு இல்லாதவருக்கு அதிகச் செலவாகும் என்றால்தான் அந்த அடையாளம் எதையாவது சொல்லும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. செலவு ஆளுக்கு ஆள் மாறும். இருபதாயிரம் கட்டிக் கோச்சிங் சேர்ந்தவரைவிட, ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வருபவர் அதிகம் இழந்திருக்கலாம். எவ்வளவு கொடுத்தார் என்று பார்க்காமல், அவரிடம் இருந்ததில் எவ்வளவு கொடுத்தார் என்று பார்க்க வேண்டும்.

இயல்பான திறமை உள்ளவர், கடும் உழைப்பாளி – இருவரில் யாரை ஆதரிப்பது?

‘உழைப்பாளியை’ என்று எல்லோரும் சொல்வார்கள்; தேர்ந்தெடுக்கும்போது மற்றவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சியா-ஜுங் ட்சேயும் மஹ்ஸரின் பனாஜியும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இசை வல்லுநர்களுக்கு ஒரே பியானோ கலைஞரின் வாசிப்பைப் போட்டுக் காட்டி, ஒருமுறை பிறவிக் கலைஞர் என்றும் மறுமுறை உழைத்து முன்னேறியவர் என்றும் அறிமுகப்படுத்தினார்கள். உழைப்பே முக்கியம் என்று வாயால் சொன்ன அதே வல்லுநர்கள், பிறவிக் கலைஞருக்கே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள்.

வடசென்னையில் கேரம் பலகையைச் சுற்றி நிற்பவர்களிடம் இதை நேரில் கேட்கலாம். 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயத்தைப் பார்த்து வளர்ந்த நகரம் இது. வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் உலகப் பட்டம் வென்றபோதும், புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோதும் தெருவில் கேட்ட பாராட்டு, ‘கையிலயே இருக்குப்பா’ என்பதுதான். பவுடர் தூவிய பலகையில் ஒரே ஷாட்டை ஆயிரம் முறை அடித்துப் பார்த்த மாலைகள் அந்தப் பாராட்டில் காணாமல் போகின்றன. பாராட்டுபவருக்கு அதில் ஒரு வசதியும் இருக்கிறது, பிறவியிலேயே வந்தது என்றால் நாம் ஏன் செய்யவில்லை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கொஞ்சம் முன்னேறியதும் சிலர் தளர்ந்துவிடுகிறார்களே?

இது மனித இயல்பு. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அயலெட் ஃபிஷ்பாக்கும் ரவி தரும் 2005-ல் வெளியிட்ட சோதனையில், உடல் எடையைக் குறைக்க முயன்றுகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, இலக்கை நெருங்கிவிட்டதைப் போன்ற உணர்வைத் தந்தார்கள். அவர்களில் 85 சதவீதம் பேர் ஆப்பிளை விட்டுச் சாக்லெட்டை எடுத்தார்கள். அந்த உணர்வு தரப்படாதவர்களில் அப்படி எடுத்தவர்கள் 58 சதவீதம். முதல்நிலைத் தேர்வில் தேறியவர் ஒரு வாரம் ஊர் சுற்றினால் அதுவும் இந்தச் சாக்லெட்தான். ‘எவ்வளவு தூரம் வந்துவிட்டாய்’ என்று புகழ்வதைக் குறைத்து, ‘எதற்காகத் தொடங்கினாய்’ என்று கேட்டால் போதும்.

குறிக்கோளையே மாற்றிக்கொண்டவரை எப்படிப் பார்ப்பது?

‘விட்டுட்டான்’ என்ற ஒரு சொல்லில் தெரு தீர்ப்பு எழுதிவிடும். நான்கு முறை எழுதிவிட்டு, ஐந்தாம் ஆண்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், எங்கள் படிப்பகம் இருக்கும் தெரு வழியாக வராமல் ஓராண்டு சுற்றிப் போய்க்கொண்டிருந்தார் என்று பிறகு அறிந்தேன். எங்களைப் பார்க்க அவருக்கு அவ்வளவு கூச்சம். அந்தக் கூச்சத்தை உண்டாக்கியதில் எங்கள் பேச்சுக்கும் பங்கு உண்டு.

எட்டாத குறிக்கோளை விட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ள இயன்றவர்கள் மனநலத்தில் மேம்பட்டிருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ரோஷ் குழுவினர் 2003-ல் காட்டினார்கள். மறுபுறம், விடாமல் இருப்பதெல்லாம் உறுதியாகிவிடாது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985-ல் விவரித்த சோதனையில், நாடக அரங்கின் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், அதையே தள்ளுபடியில் பெற்றவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. ஏழாவது ஆண்டும் படிக்கும் ஒருவரைப் பார்த்து ‘என்ன பிடிவாதம்’ என்று வியப்பதற்கு முன், அவர் குறிக்கோளைப் பிடித்திருக்கிறாரா, கழிந்த ஆறு ஆண்டுகள் அவரைப் பிடித்திருக்கின்றனவா என்று தனியாக உட்கார்ந்து பேசுவது நல்லது.

நமக்குப் பிடிக்காத குறிக்கோள் என்றால் நம் மதிப்பீடு மாறுகிறதா?

மிகவும் மாறுகிறது. இராயபுரத்தில் ஓர் அப்பா, மகனுக்கு ‘எதிலும் உறுதி கிடையாது’ என்று என்னிடம் முக்கால் மணி நேரம் வருந்தினார். அந்த மகன் மூன்றாண்டுகளாக விடியற்காலை ஐந்து மணிக்குக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறான், எடைப் பிரிவுக்காக இரவுச் சோற்றை விட்டுவிட்டான். அப்பா பார்க்க விரும்பிய இடத்தில் உறுதி இல்லை, அவ்வளவுதான்.

பெண்கள் விஷயத்தில் இது கொடுமையாகவே நடக்கிறது. ‘எப்படியும் கல்யாணம் ஆகிப் போயிடும், அந்தச் சீட்டை ஒரு பையனுக்குக் கொடுங்க’ என்று படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பெண்ணின் உறுதியை அளக்கவில்லை. தங்கள் வீட்டாரின் திட்டத்தை அவள் மனத்தின் மீது எழுதிப் படிக்கிறார்கள். இந்த வாதத்தை எங்கள் கூட்டங்களில் இப்போது விவாதத்துக்கே எடுத்துக்கொள்வதில்லை.

நேர்காணலில் என்ன கேட்கிறீர்கள்?

‘ஏன் அரசு வேலைக்கு வர விரும்புகிறீர்கள்’ என்று முன்பு கேட்டுவந்தோம். மக்கள் சேவை என்ற விடை எல்லோரிடமும் தயாராக இருந்தது. இப்போது, ‘போன செவ்வாய்க்கிழமை என்ன படித்தீர்கள், எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், நடுவில் யார் கூப்பிட்டார்கள், பிறகு என்ன செய்தீர்கள்’ என்று கேட்கிறோம். அடுத்து, ‘படிக்க முடியாமல் போகும் நாளில் என்ன செய்வதாக வைத்திருக்கிறீர்கள்’ என்போம். எப்போது, எங்கே, எது தடுத்தால் எப்படி என்று முன்கூட்டி முடிவுசெய்து வைத்திருப்பவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம் என்பது கோல்விட்சர் 1999-ல் தொகுத்துக் கூறிய முடிவு. ‘லாரி வந்துவிட்டால் அன்றைக்கு இரவு பத்துக்கு மேல் மொட்டை மாடியில் கணக்கு மட்டும் போடுவேன்’ என்று ஒரு பெண் சொன்னார். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

மனவுறுதியை அளக்கும் கேள்வித்தாள்கள் இருக்கின்றனவாமே, அவற்றைப் பயன்படுத்தலாமா?

ஏஞ்சலா டக்வொர்த்தும் அவருடைய குழுவினரும் 2007-ல் 12 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒருவர் தம்மைத் தாமே அறிந்துகொள்ள அது உதவலாம். ஆனால் மார்கஸ் கிரெடேயும் மற்றவர்களும் 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அது பொறுப்புணர்வு என்று ஏற்கெனவே அளக்கப்பட்டுவந்த பண்போடு பெரிதும் ஒன்றிப்போவதாகக் கண்டார்கள். அதைவிட எளிய தடை ஒன்று உண்டு: நாற்காலி வேண்டும் என்று வந்தவரிடம் ‘நீங்கள் விடாமுயற்சி உள்ளவரா’ என்று கேட்டால் அவர் வேறென்ன எழுதுவார்?

இவ்வளவுக்குப் பிறகும் தவறாக மதிப்பிட்டுவிட்டால்?

தவறாக மதிப்பிடுவோம் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். முப்பதில் இரண்டு நாற்காலிகளை யாருக்கும் ஒதுக்குவதில்லை. நாங்கள் மறுத்தவர்களும், பாதியில் நின்றவர்களும் எந்த விளக்கமும் கொடுக்காமல் வந்து உட்காரலாம். நேர்காணல் செய்தவரே மூன்று மாதம் கழித்து அந்த ஆளை மறுபடி மதிப்பிடக்கூடாது என்றும் வைத்திருக்கிறோம், ஏனெனில் முதலில் எழுதியதைக் காப்பாற்றவே அவருடைய கண் தேடும். என் கண் அப்படித்தான் தேடியது. வருகைப் பதிவேட்டில் ‘ஆர்வம்’ என்றிருந்த பத்தியை அடித்துவிட்டு, ‘வராத நாளில் என்ன நடந்தது’ என்று ஒரு பத்தி போட்டோம். அதைப் பொறுப்பாளர் எழுதுவதில்லை, வராதவரே திரும்பி வந்ததும் தம் கையால் எழுதுகிறார். சென்ற ஆண்டு அந்தப் பத்தியில் அதிகமாக இடம்பெற்ற சொல் ‘ஷிப்ட்’. அதற்கு அடுத்தது ‘பாட்டி’.